இருவருக்கு ஒரு கொன்றை

தாரணியின் வாய் கட்டிலை ஒட்டிய மேசையின்மேல் இருந்தது. அதற்கு மறுபடியும் சூடு ஏறிவிட்டது.

"ஏனுங்க, கொதிக்குது. அணைச்சிருங்க," என்றது மேசையிலிருந்த ஒலிபெருக்கி.

கோகுல் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பொத்தானை அழுத்தினான். ஐஸ் நிரப்பிய பால் பாக்கெட்டுகளைப் பெட்டியைச் சுற்றி அடுக்கி, மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே திருப்பினான். இனி அது ஆறும்வரை அவன் மனைவி ஊமை. கொஞ்ச நேரப் பேச்சு, நெடுநேர மௌனம். சில மாதங்களாக அந்த வீட்டில் இதுதான் நடப்பு.

தாரணிக்கு மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. கை, கால், நாக்கு எதுவும் அசையாது. கண் இமைகூடத் தன் விருப்பத்துக்கு மூடாது. காது மட்டும் பாம்புக் காது. புத்தி பழைய புத்தியேதான். மண்டைக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அவள் சொல்ல நினைப்பதை அது பிடித்து வெளியே அனுப்பும், வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் அதைக் குரலாக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் கொன்றை.

கொன்றை என்றால் ஒரு காலத்தில் சும்மா இல்லை. மேசையில் கொன்றை வைத்திருப்பவருக்கு ஆபீசில் தனி மரியாதை. சினிமாவில் டிராகன் பறக்கவிட்டவர்களும், புயல் எங்கே கரையேறும் என்று பார்த்தவர்களும் அதைத்தான் வைத்திருந்தார்கள். மூளையைப் படித்துப் பேசும் மென்பொருளையும் அதற்கென்றே எழுதினார்கள், ஏனென்றால் வேறெந்தச் சில்லுக்கும் அன்று அத்தனை வேகம் கிடையாது. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் இருந்த சாதாரணச் சில்லு மெல்ல மெல்ல வேகம் கூட்டிக்கொண்டு வந்து கொன்றையின் பக்கத்தில் நின்றது. விலையோ அடிமாட்டு விலை. கொன்றைக்குப் புதிதாக எழுதுவதை ஆட்கள் நிறுத்தினார்கள், எழுத ஆளில்லாததால் வாங்க ஆளில்லை, கடைசியில் தொழிற்சாலையையே இழுத்து மூடிவிட்டார்கள்.

இதில் தாரணிக்கும் ஒரு பங்கு உண்டு. படுக்கையில் விழுவதற்கு முன், பீளமேட்டில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. அங்கிருந்த கொன்றைகளை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டு அனுப்பியவளும் அவள்தான். அன்றைக்கு ஒரு பொட்டு வருத்தம்கூட இல்லை. மேசையில் டிபன் பாக்ஸ் வைக்க இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள்.

"உலகத்துல இல்லாத மெஷினா இது? புதுசா ஒண்ண வாங்கி வெச்சா ஆகாதா?" என்று கோகுல் ஒருமுறை ஜெபராஜிடம் சண்டைக்கே போனான். ஜெபராஜ், கொன்றையால் பேசுகிறவர்களின் சங்கத்துக்கு மெக்கானிக். நல்லவன்தான், நாக்கில் மட்டும் சனி.

"சார், அக்கா கொன்றைக்குப் பழகுனது மட்டும் இல்ல. அவங்க மூளையே அதோட நடைக்கு மாறிருச்சு. புது மெஷின கொன்றை மாதிரி நடிக்க வெக்கலாம். நல்லாவே நடிக்கும். ஆனா நடிக்கறவன் கண்ணிமைக்கற நேரம் யோசிச்சுட்டுத்தானே செய்வான்? அந்தத் தாமதம் மூளைக்கு ஆகாது. சேலத்துல ஒருத்தருக்கு மாட்டிப் பாத்தோம்."

"என்ன ஆச்சு?"

"வலிப்பு வந்துருச்சு. அவரோட கொன்றை மட்டுந்தான் மிச்சமாச்சு."

"மண்டைக்குள்ள இருக்கறத மாத்திட்டா?"

"அதைச் சுத்திச் சதை வளந்து மூடிருச்சு சார். புடுங்குனா மத்ததும் கூடவே வரும்."

ஆக, உலகில் இருக்கிற கொன்றைகள் இருக்கிறவைதாம். பேசுகிறவர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய பெட்டி, வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகும். இது சங்கத்தின் ஏற்பாடு. இதற்கு ஒரு வழக்கமும் உண்டு. வாங்கிக்கொண்டவர்கள் அந்தத் துக்கத்துக்குப் போகக் கூடாது, போன் செய்து விசாரிக்கவும் கூடாது. எப்படிப் போனார், எப்போது போனார் என்று கேட்கவே கூடாது. நீங்கள் செத்ததால் எனக்கு வாய் கிடைத்தது என்று எந்த முகத்தோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது?

வரிசையில் இப்போது முதல் ஆள் தாரணி. சங்கத்திலேயே உடம்பு மோசமாக இருந்தவர் பொள்ளாச்சி மாசிலாமணி. இந்த உலகத்தில் தாரணிக்கு இருந்த ஒரே சிநேகிதரும் அவர்தான்.

வெல்ல மண்டியில் ஏலம் கூவியவர். படுத்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தினமும் போன் வந்துவிடும்.

"இருக்கியா அம்மிணி?"

"இருக்கறனுங்ணா."

"நானும் இருக்கறேன். மன்னிச்சுக்கோ."

"அப்படிப் பேசாதீங்ணா."

"பின்ன எப்படிப் பேசறது? நெஞ்சு பூராச் சளி. டாக்டரு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போறாப்ல. அந்த ஜெபராஜ் வந்தான்னா என்னைப் பாக்கறதே இல்ல, என்ற பெட்டியத் தொடச்சு வெச்சுட்டுப் போறான். உனக்குத்தான் வரப் போகுது. கொஞ்சம் வாயாடிப் பெட்டி அம்மிணி, நீதான் அடக்கி ஆளணும்."

நடுநடுவே போனில் 'கர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். அவருடைய மருமகள் சுகன்யா, தொண்டைத் துளைக்குள் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கும் சத்தம். தாரணிக்கும் கோகுல் தினமும் பலதடவை செய்கிற வேலைதான். சத்தம் நிற்கும்வரை இருவரும் காத்திருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள்.

போனை வைத்த பிறகு தாரணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். நேற்றைவிட இன்றைக்குச் சளி அதிகமா என்று அவள் மனம் அவளைக் கேட்காமலே கவனித்திருக்கும். சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னைத் திட்டிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், "ஏனுங்க, அந்த ஜன்னல" என்று தொடங்கியவளின் குரல் பாதியில் நின்றது. ஒயர் கருகும் நாற்றம் வந்தது. கோகுல் ஐஸை அடுக்கினான், விசிறியை முடுக்கினான், பெட்டியைத் தட்டினான். தாரணியின் கொன்றை போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நடப்பு என்று சொல்ல முடியாது. எதுவுமே நடக்கவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொல்ல வந்தவள், புழுங்கிக்கொண்டே கிடந்தாள். கால் பெருவிரல் போர்வை மடிப்பில் மாட்டி முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு எறும்பு காதுமடலில் ஏறி, நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்தது. உள்ளே போனது. நாத்தனார் பார்க்க வந்தவள் டிவியில் சீரியலைச் சத்தமாக வைத்துவிட்டு, கோகுலுக்கு ஆறுதல் சொன்னாள்: "ஒண்ணும் தெரியாமக் கெடக்கறதும் ஒரு வகைக்கு நல்லதுதான்டா. தெரிஞ்சா தாங்குவாளா, பாவம்."

தெரியுதுடி, தெரியுது! தாரணி உள்ளுக்குள் கத்தினாள். தட்ட ஒரு கதவு இருந்தால்கூடத் தேவலை, தட்டுவதற்குக் கை வேண்டுமே. சிறையில் இருப்பவன் சுவரில் தலையையாவது மோதிக்கொள்ளலாம். கோகுல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதா தாரணி? என்ன வேணும்? ஏதாச்சும் சொல்லேன்," என்பான். சொல்லிவிட்டு, தான் கேட்டது உறைத்து அழுவான். அவன் அழும்போது அவன் கண்ணீர் அவள் கன்னத்தில் விழுந்து அரிக்கும்.

பிறகு ஒரு நாள் வாசலில் வேன் வந்து நின்றது. இரண்டு பேர் மூச்சு வாங்க எதையோ தூக்கி வந்தார்கள். மேசை முனகியது. ஜெபராஜின் குரல், "மெல்ல, மெல்ல வைங்க," என்றது. தாரணிக்குப் புரிந்துவிட்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லி ஆகப்போவதென்ன. உடம்பு முழுக்க வெள்ளம் மாதிரி சந்தோஷம். வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

இணைத்து முடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "காதுல எறும்பு." கோகுல் சிரித்துக்கொண்டே அழுதான். இரண்டாவதாக, "மாசிலாமணி அண்ணன்?" என்றாள்.

ஜெபராஜ் ஒயர்களைக் கட்டுவதில் மும்முரமானான். "அதெல்லாம் கேக்கக் கூடாது தாரணி," என்றான் கோகுல். "வழக்கம் உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால் கேட்கவில்லை. இதுவரை யாரும் சாகாமல் ஒரு கொன்றை கைமாறியதில்லை, கேட்பதற்குத்தான் என்ன இருக்கிறது? ஆசை தீரப் பேசினாள். நாத்தனாரை வரவழைத்து ஒரு பாட்டம் திட்டினாள். பால்காரரிடம் பாலில் தண்ணீர் என்று புகார் சொன்னாள், அவள் பால் குடித்து எத்தனையோ வருடம் ஆகியும்கூட. ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வந்தால், 'இருக்கியா அம்மிணி' என்று கேட்க ஆள் இல்லை.

ஒரு நாள் மாலை, "பொள்ளாச்சிக்கு போன் போடுங்க," என்றாள்.

"கூடாது தாரணி."

"வாய் குடுத்துட்டுப் போன மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா நான் என்ன ஜென்மம்? போடுங்க."

"வேண்டாம், சொன்னாக் கேளு."

"அப்ப இந்தப் பெட்டிய அணைச்சிருங்க. இதுல பேச எனக்குக் கூசுது."

கோகுல் போனை எடுத்து வந்து ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைத்தான். பிறகு எண்களை அழுத்தினான்.

"ஹலோ, யாருங்க? கையில வேலையா இருக்கறேன், சொல்லுங்க," என்றது சுகன்யாவின் குரல்.

அதற்குப் பின்னால், கர்ர்ர்.

தாரணிக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தன் பெயரை மறந்தாலும் அதை மறக்கமாட்டாள். செத்தவர் வீட்டில் யாருக்குச் சளி எடுக்கிறார்கள்?

"சுகன்யா, நான் தாரணி பேசறேன். யாருக்குச் சளி எடுத்துட்டு இருக்கறே?"

சத்தம் நின்றது.

"அக்கா... டாக்டரு விடியறது கஷ்டம்னு சொல்லிட்டாருங்க்கா. மாமாவுக்கு நெனவே இல்ல. கோகுல் அண்ணன் வேற அழுதுட்டே போன் மேல போன் பண்றாரு. எப்படியும் நாளைக்குக் கழட்டப் போறதுதானே, இன்னைக்கே எடுத்துக்கச் சொல்லுங்கன்னு ஜெபராஜ்கிட்டச் சொல்லிட்டேன். கழட்டிட்டுப் போனதுக்கு அப்புறம் காய்ச்சல் எறங்கிருச்சு. மாமா பொழச்சுட்டாரு."

"திருப்பிக் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். ஆனா வீடு சத்தமில்லாம இருந்துச்சுக்கா." சுகன்யா அழத் தொடங்கினாள். "என்ற வீட்டுக்காரரு மஸ்கட்டுல. நான் ஒருத்திதான். மாமா பேச ஆரம்பிச்சா ஓயமாட்டாருன்னு உங்களுக்கே தெரியும். கண்ணு சொருகும்போதெல்லாம் சுகன்யா, சுகன்யான்னு கூப்பிடுவாரு. அன்னைக்குத்தான் படுத்ததும் தூங்குனேன். நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு தள்ளிட்டே போயிருச்சு. நான் பாவிதாங்க்கா, என்ன வேணா திட்டுங்க."

தாரணிக்குத் திட்ட வரவில்லை. தன்னைத் தூக்கிப் புரட்டுகிற கோகுலின் கைகள் எப்படி நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். போனை வைக்கச் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். ரெண்டே நாள்ல ஜெபராஜ் வந்து சொல்லிட்டான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ குடுத்துருன்னு சொல்லுவே. எனக்கு நீ பேசணும் தாரணி. ஊர்ல வேற எவன் பேசுனா என்ன, பேசாட்டி என்ன? எனக்கு நீ பேசணும்."

ஜெபராஜைக் கூப்பிட்டு விசாரித்தாள். ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாமா?

"தாங்காதுங்க்கா. ஒவ்வொரு தடவையும் சில்லைச் சூடு பண்ணிக் கழட்டி, ஆளுக்குத் தகுந்தாப்ல திருப்பிப் பதிக்கணும். இன்னும் ஒரே ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல போனா உங்களுக்கும் இல்ல, அவருக்கும் இல்ல."

"வேற ஒண்ணு வர வாய்ப்பிருக்கா?"

"மத்தவங்க எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க, இப்போதைக்கு யாரும் போறாப்ல தெரியலை," என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு இவள்தான் போன் செய்தாள். சுகன்யா போனை மாமனாரின் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். மழை பெய்ததை, கோகுல் ரசத்தில் உப்பை மறந்ததை, பீளமேட்டில் பாலம் கட்டுவதை எல்லாம் தாரணி சொல்வாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'அண்ணா, இதை நான் வெச்சுக்கட்டுமா?' ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கத்தான் கூப்பிட்டாள், ஒவ்வொரு நாளும் கேட்காமலே வைத்தாள். கேட்டால் அவர் எதால் பதில் சொல்வார்? அவர் சரி என்று சொல்ல வேண்டுமானால் அவருக்கு வாய் வேண்டும், அந்த வாயை இவள் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். யோசிக்க யோசிக்கச் செக்கு மாடு மாதிரி அதே இடத்துக்கு வந்து நின்றாள்.

நியாயம் எல்லாம் அவள் பக்கம்தான் இருந்தது. அவர் வயதானவர், இவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இவள் பிடுங்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள். சுகன்யாவும் தூங்க வேண்டாமா? யாரிடம் போய்க் கேட்டாலும் வைத்துக்கொள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் காதில் இப்போது ஒரு எறும்பு ஏறினால் என்ன ஆகும் என்பது, நியாயம் சொல்கிற யாருக்கும் தெரியாது.

ஒரு காலையில், "ஜெபராஜை வரச் சொல்லுங்க," என்றாள்.

கோகுலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கெஞ்சினான். தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். "அவரு என்ன உனக்குக் கூடப் பொறந்தவரா? நான் யாரு உனக்கு? என்னை நெனச்சுப் பாத்தியா?" என்று கத்தினான்.

"உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தேன், இத்தன நாளும். ஆனா அவரு இருக்கற எடத்துல நான் இருந்திருக்கறேன். நீங்க இருந்ததில்ல."

ஜெபராஜ் வந்து கருவிகளைப் பிரிக்கும்போது அவள் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போர்வையைக் காலுக்கு மேலே தளர்வாகப் போடுங்கள். டிவி வேண்டாம், ரேடியோ போதும். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். "என்ற முன்னால யாரையும் பாவம்னு சொல்ல விடாதீங்க. அப்புறம், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரு பொட்டுக்கூட இல்ல. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான் கோகுல்.

"சரி, கழட்டுப்பா," என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

சில நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரம். போன் அடித்தது. கோகுல் எடுத்துக் கேட்டுவிட்டு அதை அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"இருக்கியா அம்மிணி?"

பழக்கதோஷத்தில் அவர் பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

"இருப்பே. எங்க போவே," என்றார் பிறகு. "சுகன்யா எல்லாத்தையும் சொன்னா. அவளத் திட்டல. ராத்திரில பெட்டிய அணைச்சுப் போட்டுட்டுத் தூங்கச் சொல்லியிருக்கறேன். நீ தெனமும் பேசுனது அத்தனையும் கேட்டேன் அம்மிணி. ரசம், பாலம், மழை, எல்லாம். ஏதோ கேக்க வர்றே, கேக்காமப் போறேன்னு தெரிஞ்சுது. என்னன்னும் தெரியும்." சத்தம் நின்றது. கர்ர்ர் என்று ஒருமுறை கேட்டு ஓய்ந்தது. "உன்றகிட்டப் போய்ப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. உன்ற எடத்துல நான் இருந்தா குடுத்திருக்க மாட்டேன் அம்மிணி. சத்தியமாக் குடுத்திருக்க மாட்டேன்."

அடப்பாவி மனுசா! தாரணிக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு பேச்சுக்காவது மகராசியா இரு என்று சொல்லியிருக்கலாமே. ஆயிரம் பதில் முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆளைக் கிழி கிழியென்று கிழித்திருப்பாள், கிழித்துவிட்டு நாளைக்கும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பாள், வேண்டாம், இனிமேல் கூப்பிடவே கூடாது என்றும் சொல்லியிருப்பாள். அவர் பாட்டுக்கு மண்டிக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். நெடுநேரம் சொல்லிவிட்டு, "சரி அம்மிணி, வெக்கறேன்," என்றார்.

கோகுல் போனை எடுத்துவிட்டு அவள் காதை ஈரத்துணியால் துடைத்தான்.

"நல்ல மனுசன். இவ்வளவு நேரமா நன்றி சொல்லிட்டு இருந்தாராட்டம் இருக்குது," என்றான். "நாளைக்கும் கூப்பிடச் சொல்லட்டுமா?"

அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, சொல்லிடறேன்," என்று எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனான்.